தார் நிறத்து நிலா பற்றி மாப்பிள்ளைக்கு

அன்பும் அறிவும் நிறைந்த மாப்பிள்ளைக்கு, பெயிண்டுக்கடை மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள். கல்லூரியில் உங்கள் வானியல் பாடம் நன்றாக நடக்கிறது என்று நம்புகிறேன். நடக்காவிட்டாலும் சம்பளம் வந்துவிடும். என் தொழிலில் அந்த வசதி கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் பள்ளியில் ஓர் அறை முழுக்கக் கறுப்படித்து வானமாக்கி, ஒற்றை விளக்கைச் சூரியனாக வைத்து, சுற்றிலும் உருண்டைகளைத் தொங்கவிடும் வேலை எனக்கு வந்ததும், எந்த உருண்டைக்கு என்ன நிறம் என்று உங்களைப் போனில் கேட்டதும் நினைவிருக்கும். வெள்ளிக் கிரகத்தை மேகம் மூடியிருக்கிறது, வெள்ளை அடியுங்கள் என்றீர்கள், சரி. சனியைச் சுற்றும் பனி நிலாவுக்குச் சுத்த வெள்ளை என்றீர்கள், அதுவும் சரி. நம் நிலாவுக்கு?

"பழைய தார் ரோடு கலர் மாமா. விழுற வெளிச்சத்துல பத்துல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் திருப்பி அனுப்புது. மீதிய அதுவே முழுங்கிடுது."

போனைக் காதில் வைத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிலா பளபளவென்று நின்றது. மாமனாரைக் கிண்டல் செய்கிறார், செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் சுண்ணாம்பு மூட்டை தூக்கிக் கடை வைத்தவன். எந்த நிறமானாலும் டப்பா மூடியில் ஒரு சொட்டுத் தடவி, கடை வாசல் வெயிலில் நீட்டிப் பார்த்துத்தான் கொடுப்பேன். நீங்கள் சொன்ன நிறத்தையும் அப்படியே பார்த்தேன். அடுப்புக்கரி. உடனே கடையில் இருப்பதிலேயே உசத்தியான வெள்ளையை எடுத்து நிலாவுக்கு இரண்டு கோட் அடிக்கச் சொல்லி, அடியில் கடைப் பெயரையும் எழுதி மாட்டிவிட்டேன். நேற்று தலைமையாசிரியை பார்க்க வந்தார், விளக்கைப் போட்டேன், நிலா முகத்தில் அறைந்தாற்போல் எரிந்தது, அந்த அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்ததில் வெள்ளியை இடித்து, வெள்ளி ஆடிப்போய்ச் செவ்வாயில் மோதி, செவ்வாய் ஏணியைத் தட்ட, நம் பெயிண்டர் சனியின் வளையத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். எல்லாம் ஆடி ஓய்ந்த பிறகு அந்த அம்மா கேட்டார்:

"இதுல எது ஐஸ், எது கல்லு?"

"பெருசா இருக்கறது நம்ம நிலாங்க மேடம்."

"பிள்ளைங்க கேட்டா நானும் இப்படியே சொல்லவா? அடுத்த வாரம் திறப்பு. சரியா வரலேன்னா நிலாவக் கழட்டிடுங்க. கடைப் பேரையும் அழிச்சிடுங்க."

பெயிண்டர் வேறு, "மாப்பிள்ளை சொன்னதக் கேட்டிருக்கலாம் முதலாளி" என்கிறார். வளையத்தில் தொங்கினாலும் வாய்க்குக் குறைச்சல் இல்லை.

இந்தக் கடையில் நிறம் தப்பாது என்று நாலு பேர் சொல்வதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கோளாறு விளக்கில்தான், நிலாவில் இல்லை. நாளைக்குச் சின்ன விளக்காக மாட்டப் போகிறேன். படிப்பு வேறு, பெயிண்டு வேறு. நீங்கள் திறப்புக்கு வர வேண்டாம். வந்தாலும் வாயைத் திறக்க வேண்டாம்.

மகளுக்கு என் அன்பு. இருவரும் குறைவில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நிறம் தப்பாத மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு நாள் ஓடிவிட்டது. சின்ன விளக்கு மாட்டினால் நிலாவும் மற்ற வெள்ளை உருண்டைகளும் மட்டும் எரிகின்றன, செவ்வாயையும் சனியையும் தேட வேண்டியிருக்கிறது. வந்த கோபத்தில் உங்கள் தார் நிறத்தையே பூசி, பழைய விளக்கைப் போட்டேன். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் அந்த அடுப்புக்கரி பளபளவென்று நிற்கிறது மாப்பிள்ளை, ஜன்னலில் பார்த்த அதே நிலா. பக்கத்தில் பனி நிலா அதைவிட வெளுப்பாகக் கண்ணைப் பறிக்கிறது. கடை வாசலில் எல்லாப் பக்கமும் வெயில் அடிக்கும், வானத்தில் சுற்றிலும் இருட்டு என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. மறுபடி வந்த தலைமையாசிரியை இரண்டு நிலாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சரியா எப்படிப் பிடிச்சீங்க?" என்றார். "நம்ம கடையில நிறம் தப்பாதுங்க" என்றேன். எனவே மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். திறப்புக்குக் கட்டாயம் வாருங்கள், முதல் வரிசையில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். வாயைத் திறக்க வேண்டாம் என்று எழுதியது மட்டும் அப்படியே இருக்கட்டும்.