கயிறு கட்டிய சேவல்

கோழி பிடிக்கத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள எந்தப் புது மாப்பிள்ளைக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை. பினாங்குத் தீவின் நகர்ப்பக்கம், சுங்கை பினாங்கில் பதினோராவது மாடியில் வளர்ந்தவன் நான். அதுவரை நான் பார்த்த கோழிகளுக்குத் தலையும் கிடையாது, கோபமும் கிடையாது.

கல்யாணமான இரண்டாவது மாதம் தீவின் கிராமப்பக்கம், பாலிக் புலாவில் இருந்த மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். மனைவியின் அக்காவும் அங்கேதான் இருந்தார். கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வளர்ப்பது அவர்தான். அவருடைய கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஏழு மாதமாகக் கவைக்கட்டையோடு நடந்துகொண்டிருந்தார். அன்று காலை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள்.

"மாப்பிள்ளே, பின்னால செவப்புச் சேவல் திரியும். புடிச்சிட்டு வாங்க லா" என்றார் மாமனார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை.

பின்னால் இரண்டு சிவப்புச் சேவல்கள் இருந்தன. ஒன்று என்னைச் சேற்றில் இரண்டு முறை விழவைத்துவிட்டு ரம்புத்தான் மரத்தில் ஏறிக்கொண்டது. (கோழி மரம் ஏறும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.) மற்றது தானாகவே வந்து என் காலடியில் நின்றது. அதன் காலில் ஒரு மஞ்சள் கயிறு. வெட்டுவதற்காகத்தான் அடையாளம் கட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டது சரிதான், யாருக்கு என்பதில்தான் பிசகு. கறியில் நூல் கிடக்கக் கூடாதே என்று அதை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பொறுப்பானவன் அல்லவா!

மாமனார் அறுத்தார், மனைவி சமைத்தாள். மதியம் திரும்பி வந்த அண்ணன் கறியை மிகவும் புகழ்ந்து, இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்கா ஒரு பிடி சோற்றோடு பின்பக்கம் போய் "பா, பா" என்று கூப்பிட்டது கேட்டது. திரும்பி வந்து, தன் சேவலைக் காணவில்லை என்றார்.

நான் உதவி செய்தேன். "கயிறு கட்டுன சேவலா அக்கா?" என்று கேட்டு, பையிலிருந்து கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

கணவர் கட்டையில்லாமல் நடந்தால் முனீஸ்வரருக்கு என்று அக்கா நேர்ந்துவிட்ட சேவல் அது. அண்ணன் தட்டிலேயே கை கழுவினார்.

"கயித்த ஏன் தம்பி அவுத்தீங்க?" என்று மட்டும் அக்கா கேட்டார்.

அக்கா வேறு சேவல் வாங்கி நேர்ந்துவிட்டார். அது கிழடாகிச் செத்தும் போனது. கால் நரம்பு விழுந்த அன்றே போய்விட்டது, சேவலால் ஆவது ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கப்படுகிறேன்.

இப்போதும் குடும்ப விருந்தில் கோழி வந்தால், "மாப்பிள்ளே, கயிறு இருக்கான்னு பாத்தீங்களா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணனும் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன்.

அக்கா மட்டும் சிரிப்பதில்லை. சட்டிக்குள் துழாவி, ஒவ்வொரு முறையும் ஒரே துண்டைத்தான் எடுத்து என் தட்டில் வைப்பார்.

"சாப்பிடுங்க தம்பி. கால்."