பேட்டரி டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்

ஞாயிற்றுக்கிழமை காணாமல் போய்விடுவது என்று பேட்டரி டாக்டர் சனிக்கிழமை மத்தியானமே முடிவு செய்துவிட்டார். டாக்டர் என்பது படித்து வாங்கிய பட்டமல்ல. இருபது வருஷமாகப் படகு பேட்டரிகளைச் சோதித்து, பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்பவருக்குப் படகுத்துறை சேர்ந்து வைத்த பெயர்.

காணாமல் போகக் காரணம், மனைவியின் சித்தப்பா. ஞாயிறு முழுக்க வந்து தங்கப் போகிறார். போன வருஷம் அவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். நடந்தது ஒரு மணி நேரம். அதைச் சொல்ல ஆறு மணி நேரம். கல்லின் அளவைக் காட்ட எதிராளியின் விரலைப் பிடிப்பார். உடும்பு தோற்றது.

டாக்டரிடம் இரண்டு பேட்டரிகள் இருந்தன. ஒன்று நல்லது. இன்னொன்று கிழம், சும்மா கிடந்தால் மீட்டரில் இளமை காட்டும், மோட்டாரை மாட்டினால் கால் மணியில் படுத்துவிடும். அந்தக் கிழத்தைப் படகில் போட்டு ஏரி நடுவே போய், "பேட்டரி போச்சு, மாட்டிக்கிட்டேன்" என்று வீட்டுக்கு ஒரு போன். அப்புறம் தூண்டில், காத்து, தூக்கம். துடுப்பைக்கூடக் கொட்டகையில் ஒளித்துவிட்டார். பழி வராமல் இருக்க ஒரு சாட்சி வேண்டுமே! மனைவியையே கூப்பிட்டார்.

"மீட்டரைப் பாரு. என்ன காட்டுது?"

"பன்னெண்டு புள்ளி ஆறு. மோட்டாரை மாட்டி லோடு குடுத்துப் பாத்தீங்களா? லோடு குடுக்காம எதையும் நம்பாதேன்னு நீங்கதானே சொல்வீங்க?"

டாக்டர் அவசரமாக மீட்டரைக் கழற்றினார். "அதெல்லாம் காலைலயே பாத்தாச்சு. நாள் பூரா ஓடும். என் வார்த்தைதான் சர்டிபிகேட்!"

"நீங்க சொன்னா சரிதாங்க."

பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். மனுஷன் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை, படகின் கயிற்றை அவிழ்க்கும் நேரம். சாப்பாட்டுக் கூடையும் குடையுமாக மனைவி வந்து நின்றாள். பக்கத்தில் சித்தப்பா, புதுச் சட்டையில்.

"சித்தப்பா படகுலயே ஏறினதில்லையாம். கூட்டிட்டுப் போங்க. பேட்டரிதான் நாள் பூரா ஓடுமே!"

டாக்டர் அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டப் போனார். "எதுக்கும் அந்த இன்னொரு பேட்டரியை..."

"அதைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாருன்னு குடுத்துட்டேங்க. எங்க வீட்டுக்காரர் சர்டிபிகேட் குடுத்த பேட்டரி ஒண்ணு போதும்னேன்."

சித்தப்பா ஏறி உட்கார்ந்துவிட்டார். படகு கிளம்பியது.

சரியாகப் பதினாலாவது நிமிஷம், ஏரி நடுவில், மோட்டார் முனகிவிட்டு ஓய்ந்தது. டாக்டரின் கணக்கு ஒரே ஒரு நிமிஷம்தான் பிசகியிருந்தது. தொழில் சுத்தம் என்றால் அதுதான்.

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு மாப்ள! உங்க வீட்டு டிவி சத்தத்துல எதையும் விவரமாச் சொல்ல முடியறதில்ல. விரலைக் குடுங்க."

ஒரு கை சிறைப்பட்டது. டாக்டர் மறு கையால் போனை எடுத்தார்.

"மாட்டிக்கிட்டோம்! உடனே யாரையாவது அனுப்பு!"

"பதறாதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து இழுத்துட்டு வரச்சொல்லி, துறைக்காரர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்."