கரமனைக் காற்றும் ஒரு பை ரத்தமும்

இணையத்தில் அரசியல் பேசி யாராவது யாருடைய மனதையாவது மாற்றியிருந்தால் அவரைக் காட்டுங்கள், காலில் விழுந்து கும்பிடுகிறேன். நானும் வருடக்கணக்கில் முயன்றவன்தான். எங்கள் வார்டு முகநூல் குழுவில் என் பெயர் 'சத்தியவான்'. (சொந்தப் பெயரில் பேசத் துணிவில்லாதவன் இந்தப் பெயரை வைத்துக்கொண்டதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.)

என் பரம எதிரி 'கரமனைக் காற்று' என்று ஓர் ஆள். வாய்க்கால் மேல் கட்டிய ஒரு சின்னப் பாலத்தைக் கொண்டுவந்தது எந்தக் கட்சி என்பதுதான் எங்கள் சண்டை. "எங்கள் ஆட்சியில் திறந்த பாலம்" என்பான் அவன். நான் விடுவேனா? "திறப்பு வேறு, பணி நிறைவு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர். ஆதாரம் எங்கே?" என்பேன். அவன் புகைப்படம் போடுவான். அதில் நிழல் விழும் திசையை வைத்து, அது காலையில் எடுத்த படமல்ல, மாலையில் எடுத்தது என்று நிரூபிப்பேன். (பாலத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களும் கேட்காதீர்கள்.) எல்லாம் மலையாளத்தில்தான், ஊர் மலையாள ஊராயிற்றே. சரக்கு தீர்ந்துபோனால் ஆளையே அடிப்பேன். கடைசியாக நான் எழுதியது இது: "உன் உடம்பில் ஓடுவது ரத்தமா, தம்பானூர் சாக்கடையா?" குழுவில் என் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். அன்று எங்கள் பேட்டை வலியசாலையிலேயே நிம்மதியாகத் தூங்கியவன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். ஆனால் அப்பாவுக்கு ஓ நெகட்டிவ்; ஆஸ்பத்திரியில் ஒரு பைதான் இருந்தது. இன்னொன்று கிடைக்காமல் தியேட்டருக்குள் கொண்டுபோக முடியாது என்று சொல்லிவிட்டார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். நானும் என் மனைவி கோமதியும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டோம். குழுவில் நெருங்கிய நண்பர்களுக்கும் தனியாகச் செய்தி அனுப்பினேன். முந்தின நாள் கைதட்டிய கைகளில் ஒன்றுகூட நீளவில்லை. எனக்கு அழுகை வந்தது.

மத்தியானத்துக்கு மேல், கோமதியின் அலுவலகத் தோழி சொல்லி ஒருவர் வந்தார். பெயர் ஜெஸ்டின். பூர்வீகம் மார்த்தாண்டம், சாலைக் கடைத்தெருவில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார்.

"அண்ணே, கடையை அடச்சிட்டு ஓடி வாறேன். அப்பாக்கு ஒண்ணும் ஆகாது, கேட்டோ. எவிட போகணும்?"

நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். படுக்கவைத்து ஊசி ஏற்றினார்கள். கீழே தொட்டில் மாதிரி ஆடும் சின்ன இயந்திரத்தில் பை மெல்ல நிறைய ஆரம்பித்தது. ஜெஸ்டின் பேச்சுத்துணைக்கு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"எங்க வார்டு குரூப்பில ஒரு கிறுக்கன் உண்டு அண்ணே. சத்தியவான்னு பேரு. என் ஒடம்புல ஓடுகது சாக்கடைன்னு நேத்து எழுதியிருக்கான்." தலையைத் திருப்பிப் பையைப் பார்த்தார். "நீங்களே பாருங்க. சிவப்பாத்தானே இருக்கு?"

"நல்ல சிவப்பு," என்றேன்.

"ஒரு பாலத்துக்காக்கும் இத்தனையும். அது எங்க ஆளுக தொறந்ததுதான். சம்மதிக்கமாட்டான்."

பை பாதிதான் நிறைந்திருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பெற்ற தகப்பன் பக்கத்துக் கட்டடத்தில் துடித்துக்கொண்டிருக்கிறார். மனிதனாகப் பிறந்த எவனும் இருந்திருப்பான். என் வாய் இருக்கவில்லை. "திறப்பு வேறு, பணி நிறைவு வேறு," என்றது, அதுவும் சுத்த மலையாளத்தில். "இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஆதாரம்…" என்பது வரைக்கும் போய்விட்டு நின்றது.

ஜெஸ்டின் என்னையே பார்த்தார்.

"ஓஹோ. நீங்களா அது?"

"ஏன்னா, என்ன பண்ணித் தொலைச்சேள்?" என்றாள் வாசலில் நின்ற கோமதி. அவளுக்குப் பாலமும் தெரியாது, காற்றும் தெரியாது. ஜெஸ்டினின் இன்னொரு கை ஊசிமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டர் பக்கம் போவது மட்டும் தெரிந்தது.

"பாலம் யாரு கொண்டுவந்தது?" என்றார் ஜெஸ்டின்.

"நீங்கதான்."

"ஆதாரம் வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்ப குரூப்பில எழுதுங்க."

நர்ஸ் ஓடி வந்தார். "ரெண்டு பேரும் மிண்டாம, பேசாம இருங்க. சாரே, அவரு சொல்லதை எழுதுங்க, அவருக்கு பிரஷர் ஏறுது."

எழுதினேன். 'கரமனைக் காற்று சொன்னதே சரி. நான் சொன்னது தவறு.' என் வாழ்க்கையில் ஆதாரம் இல்லாமல் நான் எழுதிய ஒரே வாக்கியம் அதுதான்.

பை நிறைந்தது. ஜெஸ்டின் எழுந்து ஜூஸைக் குடித்துவிட்டு என் தோளைத் தட்டினார். "நான் ஊசியைப் பிடுங்கமாட்டேன் அண்ணே. சும்மா பயங்காட்டினதாக்கும்." இதற்கு அவர் பிடுங்கியே இருக்கலாம் என்று தோன்றியது.

சோதனையெல்லாம் முடிந்து, சாயங்காலம் அப்பாவைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன பிறகு குழுவைத் திறந்தேன். 'விலைபோனவன்', 'துரோகி' என்று என் ஆட்களே என்னைக் கிழித்துத் தொங்கப் போட்டிருந்தார்கள். ஒருவன் என் அப்பனையும் சேர்த்து இழுத்திருந்தான். அந்த நடையும் அந்தக் குத்தலும் எங்கோ படித்த மாதிரி இருந்தன. யோசித்துப் பார்த்தால், எல்லாம் நான் பழக்கிவிட்டது. மனித குலத்தின்மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று, முக்கியமாக என்மேல் இருந்தது.

அப்பா பிழைத்து, இப்போது கைத்தடியோடு கோவில்வரை நடக்கிறார். ஜெஸ்டின் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து அவரோடு காபி குடிக்கிறார். ஆயுள் முழுக்க எங்கள் கட்சிக்கே ஓட்டுப் போட்ட அப்பா, போன தேர்தலில் ஜெஸ்டின் கட்சிக்குப் போட்டுவிட்டு வந்து, "பாலம் அவா கட்டினதுதாண்டா," என்கிறார்.

"அந்தப் பிள்ளையோட ரத்தம் பேசறது," என்று அம்மா சிரிக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் இதே கதைதான்.

நானும் ஒவ்வொரு முறையும் விளக்குகிறேன். இரண்டு பையில் எது அப்பாவுக்கு ஏறியது என்று யாருக்கும் தெரியாது, அப்படியே ஏறியிருந்தாலும் சிவப்பணு நாலு மாதத்துக்குமேல் உடம்பில் தங்காது, ரத்தத்துக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே கிடையாது என்கிறேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைத்து, "ஆதாரம் எங்கே?" என்கிறார்.