பெண் வீட்டாரும் வெளிநாட்டு பல்பும்

ஒரு காலத்தில் நான் ஒரு விளக்கோடு குடித்தனம் நடத்தினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒளித்துப் பயனில்லை. மேலகரத்தில் எங்கள் தெருவுக்கே அது தெரியும்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு முப்பத்திரண்டு வயது. தென்காசியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் துபாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். (இரண்டு பேர் மேலே, ஒருவன் மேற்கே.) மிச்சமிருந்த வீட்டில் நானும், அண்ணன் ஒரு விடுமுறைக்குக் கொண்டுவந்த நிலைவிளக்கும் இருந்தோம். ஆள் உயரத்துக்கு ஒரு கம்பி, தலையில் துணிக் குடை, இடுப்பில் ஒரு குமிழ். குமிழைத் திருகினால் வெளிச்சம் கூடும், குறையும்.

அதை லேசாக எரியவிட்டுவிட்டுத்தான் காலையில் கிளம்புவேன். சாயங்காலம் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போது ஜன்னலில் மஞ்சளாக வெளிச்சம் தெரியும். உள்ளே யாரோ இருப்பது போல இருக்கும். பூட்டைத் திறக்கிற வரைக்கும் அந்த நினைப்பு தாங்கும். பத்து வீட்டுத் தூரம்தான். ஒரு நாளில் நன்றாக இருந்த பகுதி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. (அப்போது கேட்டிருந்தால் திருட்டுப் பயம் என்று சொல்லியிருப்பேன். கேட்டார்கள், சொன்னேன்.)

கேட்டவர் அடுத்த வீட்டு அண்ணாச்சி. தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். மற்றவர் விஷயங்களிலிருந்து ஓய்வு பெறாதவர்.

"ஏலே, ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குலே லைட்டு? பல்லி உக்காந்து பரீச்சைக்குப் படிக்குதா?"

திட்டிய அதே அண்ணாச்சிதான் எனக்குப் பெண்ணும் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. "பொம்பளை இல்லாத வீடு, எப்படி வச்சிருப்பானோ" என்பது இரண்டு இடத்திலும் சொன்ன காரணம். (பொம்பளை இல்லாத குறையைத் தீர்க்கத்தானே ஐயா பெண் கேட்கிறேன் என்று யாரிடம் போய் வாதாடுவது?) மூன்றாவது, கீழப்பாவூரில். பெயர் வடிவு. ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ வந்தது. அதை விளக்கின் அடியில் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து பதினைந்து நாள் சாப்பிட்டேன். பதினாறாம் நாள் போட்டோவிடம், "ரசத்துல உப்பு கூடிட்டுல்லா?" என்று வாய்விட்டுக் கேட்டபோதுதான், இந்த இடமும் தட்டிப்போனால் நான் தாங்கமாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

பாக்கியிருந்தது ஒன்றே ஒன்று. பெண் வீட்டார் வந்து வீடு பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்ப்பார்கள். அவன் வீட்டு அரிசிப் பானையை மூன்று தடவை பார்ப்பார்கள். சாரல் காலமானால் ஒரு சலுகை உண்டு. அருவியில் குளித்த கையோடு சம்பந்தத்தையும் முடித்துக்கொள்ளலாம். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகத் தகவல் வந்தது.

அந்த வாரம் பார்த்து என் விளக்கின் பல்பு பியூஸ் போனது. நல்லவேளையாக, அண்ணனின் நண்பர் ஒருவர் சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது, அவன் கொடுத்தனுப்பிய புது பல்பைத் தந்துவிட்டுப் போனார். குண்டு பல்பு இல்லை. வெள்ளைக் குழாயை வளைத்து வளைத்துச் செய்தது. 'இது கரண்டை கொஞ்சமாகத்தான் குடிக்கும். பகல் முழுக்க எரிந்தாலும் கவலை இல்லை' என்று அண்ணன் எழுதியிருந்தான்.

அட்டைப் பெட்டியில் ஒரு படம். குமிழ் ஒன்று, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. நான் வடை மடித்த காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிக்கிறவன். அந்தப் படத்தை வெகுநேரம் ஆராய்ந்து, 'குமிழை முரட்டுத்தனமாகத் திருகக் கூடாது' என்று பொருள் கண்டேன். மென்மையாகத் திருகுவது என்று முடிவும் செய்தேன். (படிப்பாளி!) சோதித்துப் பார்க்க வழியில்லை. சாரலில் எங்கேயோ மரம் சாய்ந்து, சனிக்கிழமையிலிருந்து தெருவில் கரண்ட் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே வானம் இருட்டிக் கிடந்தது. வேன் வந்தது. ஈரத் தலையும் ஈரத் துண்டும் நனைந்த சேலையுமாகப் பதினோரு பேர் இறங்கினார்கள். வடிவு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதாம். வேனின் கண்ணாடியில் பாதி நெற்றி தெரிந்தது. அவள் என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் உள்ளே நுழையவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. நல்ல சகுனம் என்று பெண்ணின் அப்பா சிரித்தார். புது பல்பு பளீரென்று எரிந்தது. அப்போதுதான் என் வீட்டை நானே முதன்முதலாகப் பார்த்தேன். பழைய மஞ்சள் வெளிச்சம் பெருந்தன்மையானது. பல விஷயங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது. இது கணக்குத் தணிக்கைக்கு வந்த அதிகாரி மாதிரி, சுவரில் ஓதம், உத்திரத்தில் ஒட்டடை, மூலையில் நான் அவசரமாகப் பெருக்கிக் குவித்த குப்பை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது.

பெண்ணின் பெரியம்மா ஓதத்தை அண்ணாந்து பார்த்தாள். "சுவரு என்ன, அழுதுக்கிட்டு நிக்கி?"

நான் நாகரிகமாக, மென்மையாகக் குமிழைத் திருகினேன்.

வெளிச்சம் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். விளக்குக்குள் ஒரு வண்டு புகுந்தது போல 'ஙொய்ய்' என்று சத்தம். அடுத்த கணம் அணைந்தது, எரிந்தது, அணைந்தது, எரிந்தது. பதினோரு ஈர முகங்கள் தெரிந்தும் மறைந்தும் கொண்டிருந்தன.

"தம்பி, என்ன இது?" என்றார் பெண்ணின் அப்பா.

"வெளிநாட்டு பல்புங்க. கரண்டை மிச்சம் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். அதுக்கு ஏன் வலிப்பு வந்த மாதிரி வெட்டுது?"

"நல்ல காரியம் பேச வந்த இடத்துல விளக்கு அணையுதே!" என்று பெரியம்மா குரலெடுத்தாள். "ஏத்துங்கய்யா, கூட ஏத்துங்க!"

ஏற்றினேன். இந்த முறை மென்மை மறந்துவிட்டது. டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, ரப்பர் தீய்ந்த நாற்றம். வீடே இருண்டது.

அதோடு முடிந்திருக்கும். அடுத்த வீட்டு அண்ணாச்சி உதவிக்கு ஓடிவந்தார். வாசலிலேயே நின்று, தபால் இலாகாவின் முழுக் குரலில், "எல்லாரும் ஈரத்தோட இருக்கீய! தரையில நிக்காதீய, ஷாக்கு இழுத்துரும்! கட்டைல ஏறுங்க, கட்டைல!" என்றார்.

என் வீட்டில் ஏறத்தக்க கட்டை ஒன்றுதான். ஒற்றைக் கட்டில். பதினோரு பேரும் ஏறினார்கள். அதுவரை என்னைத் தவிர யாருமே உட்கார்ந்திராத கட்டில் அது. ஒரே நாளில் இத்தனை சொந்தத்தைக் கண்ட அதிர்ச்சியில் நான்கு காலையும் நான்கு திசையில் நீட்டிப் படுத்துவிட்டது. அடியில் மாட்டிய பெண்ணின் அப்பாவை நான் கைகொடுத்துத் தூக்கினேன். மரியாதையாக நன்றி சொன்னார். என்னை அவர் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடப் போவதில்லை என்று அந்த மரியாதையிலேயே தெரிந்துவிட்டது. பெரியம்மா அரிசிப் பானையைக்கூடப் பார்க்கவில்லை.

வேன் கிளம்பியபோது நான் வாசலில் நின்றேன். கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினார். "வயரிங் சரியில்லாத வீட்டுல எப்படிப் பொண்ணைக் குடுக்கன்னு கேக்காகலே."

லீவு போட்டு, ஆள் பிடித்து, வீடு முழுக்கப் புது வயர் இழுத்தேன். (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உள்ள விளக்கில் இந்த பல்பைப் போடவே கூடாது என்பதுதான் அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பொருள் என்று, வயர் இழுத்து முடித்த பிறகு அந்த ஆள் சொன்னான்.) வேலை முடிந்த வாரம் வடிவுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. பிறகு வந்த இடங்களுக்கு ஏனோ நானே பிடி கொடுக்கவில்லை. வயரிங் மட்டும் இன்றைக்கும் அருமையாக இருக்கிறது.

பல வருஷம் கழித்துத் தென்காசியில் ஒரு கல்யாணம். பந்திக்கு இடம் கிடைக்கக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் பொழுது போக ஒரு கதை சொன்னார். அவர் மனைவியை முதலில் வேறு ஓர் இடத்தில் பேசினார்களாம். அந்த மாப்பிள்ளை வீட்டில் பல்பு வெடித்துக் கூரை பற்றிக்கொண்டதாம். முப்பது பேர் கட்டிலோடு கிணற்றில் விழுந்தார்களாம். (என் வீட்டில் கிணறே கிடையாது.) "எங்க வீட்டுல எந்த விசேஷம்னாலும் இதைச் சொல்லாம இலை போடமாட்டோம்" என்றவர், பெண்கள் பக்கம் திரும்பி, "ஏட்டி வடிவு, இங்கன வா! இவருக்கு நீ சொல்லு" என்று கூப்பிட்டார்.

வந்தாள். நான் கொடுத்தனுப்பிய போட்டோவில் இருந்த தலைமுடி எதுவும் இப்போது என்னிடம் இல்லாததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"சும்மா இருங்க, எப்பப் பாத்தாலும் அதே கதைதான்" என்று கணவரை அதட்டிவிட்டுச் சிரித்தாள். "நான் அந்த ஆளைப் பாக்கக்கூட இல்லை. வேன்ல இருந்து ஜன்னலைத்தான் பாத்தேன். பாவம், இந்நேரம் பிள்ளைகுட்டியோட நல்லா இருப்பாரு. அவுக வீட்டுலயும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக, இல்லையா அண்ணாச்சி?"

"சிரிக்காம இருப்பாகளாம்மா?" என்றேன்.

வீட்டில் கேட்க ஆளில்லை. அதனால் எழுதிவிட்டேன்.