புரொபசர் கண்டுபிடித்த வெறுப்பு

நான் எழுதுவது கோணலாகத்தான் இருக்கும். மூணாம் வகுப்போடு நிறுத்தி வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். ஞாபகமும் பாதி போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் புரொபசரை மட்டும் மறக்கவில்லை. (எங்கே, எங்கள் வீட்டில் மறக்க விட்டால்தானே!)

முப்பதுகளின் ஆரம்பம் என்று நினைக்கிறேன். கல்யாணமாகி மயிலாப்பூர் மாட வீதிக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரர் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனசு சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தவர்தான் இந்தப் புரொபசர். சீமைக்குப் போய்வந்தவர். கோட்டு, மூக்குக் கண்ணாடி, சங்கிலி போட்ட கடிகாரம் எல்லாம் இருந்தன. எதிரே இருப்பவள் ஒரு மனுஷி என்கிற நினைப்பு மட்டும் கப்பலிலிருந்து கடலில் விழுந்துவிட்டது போல.

"உன் மனைவியைச் சோதித்துப் பார்க்கலாமா?" என்று கேட்டாராம். "தாராளமா சார்" என்றாராம் இவர். என்னை யார் கேட்டார்கள்? லஸ் பிள்ளையார் கோயிலுக்கு என்று சொல்லிக் கூட்டிப்போனார். நானும் பட்டுப்புடவை கட்டி, தலைகொள்ளாமல் பூ வைத்து, கையில் தேங்காயோடு போய்ப் புரொபசர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படி ஒரு அசடு! இவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"ஒரு கதை சொல்வேன், திருப்பிச் சொல்லணும். உன் பேரை வெளியே சொல்ல மாட்டேன்" என்றார் புரொபசர்.

கதையில் சந்தைக்குப் போகிறவன் பெயர் வேதாசலம். என் வீட்டுக்காரர் பெயரும் அதேதான். (முன் பெஞ்சுப் பையன் பெயரை எடுத்துப் போட்டிருக்கிறார். யோசிக்கச் சோம்பல்.) கட்டினவர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நாங்கள் நம்பின காலம்.

"அவரு சந்தைக்குப் போனாரு" என்றேன்.

"யாரு?"

"அவருதான்."

"பேர் என்ன?"

தலையைக் குனிந்துகொண்டேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. அவர் வீட்டம்மாள் அவரை எப்படிக் கூப்பிட்டாளோ, அதையாவது இந்த மேதாவி யோசித்திருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார்.

"வூட்டுக்குப் போவட்டுங்களா?"

"பாதியில் எழுந்தால் ஆராய்ச்சி கெட்டுடும்."

கதை மறுபடியும் முதலிலிருந்து. எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் சபாவில் புரொபசர் பிரசங்கம். மகன் படிப்பின் பெருமையைப் பார்க்க அத்தை (என் மாமியார்) என்னையும் இழுத்துப் போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார்.

"மாட வீதியில் ஒரு பெண். என் மாணவனின் மனைவி. புருஷன் பெயரைக் கேட்டால் மறக்கிறது, கண்ணீர் வருகிறது. ஏன்? அடிமனசில் அவன் மேல் தீராத வெறுப்பு!"

என் பேரைச் சொல்லவில்லை. வாக்கைக் காப்பாற்றிவிட்டார், மகராஜன்!

பெண்கள் பக்கம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அத்தை என் தொடையைக் கிள்ளினார். "இன்னாடி இது? என் புள்ளயப் புடிக்கலியா உனக்கு? காலையில உங்கப்பனுக்கு ஆள் அனுப்பறேன். வந்து இட்டுக்கினு போவட்டும்."

போனால் போனதுதான். அத்தை இவருக்கு வேறு பெண் பார்த்துவிடுவார். எனக்கோ இவரை ரொம்பப் பிடிக்கும். (எழுதவே வெட்கமாயிருக்கிறது.) என்ன செய்கிறேன் என்று தெரியாமல் எழுந்து நின்று, "வேதாசலம்! வேதாசலம்!" என்று தெருவில் கூவி விற்கிறவள் மாதிரி கத்தினேன்.

ஆண்கள் பக்கம் முன்வரிசையில் இவர் துள்ளி எழுந்தார். "பிரசண்ட் சார்!"

சபாவே சிரித்தது. புரொபசர் மட்டும் சிரிக்கவில்லை. "பார்த்தீர்களா, வெறுப்பு நீங்கிவிட்டது! என் சிகிச்சை!" என்றார்.

ஜட்காவில் வரும்போது இவர் மெதுவாக, "அவளுக்கு வெறுப்பெல்லாம் இல்லம்மா, பேர் சொல்லக்கூடாதுன்னுதான்..." என்றார்.

"வெறுத்தாக்கூட வூட்டோட போவும்டா. ஊரைக் கூட்டிப் பேரைச் சொல்லிட்டாளே!"

"அப்ப... ஆள் அனுப்பணுமா?"

அத்தை யோசித்தார். "அனுப்பினா வழி பூரா உன் பேரைக் கூவிக்கினே போவா. வேணாம், இங்கியே கெடக்கட்டும்."

கிடந்தேன். இன்றைக்கும் நான் யாரைக் கூப்பிட்டாலும் எங்கள் வீட்டில் வருகிற பதில் "பிரசண்ட் சார்"தான்.

புரொபசர் இதை இங்கிலீஷ் புத்தகத்தில் போட்டிருக்கிறாராம். நான் தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். தெரிந்தவர்கள் யாராவது தேடிப் பார்த்து, நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்துங்கள். அதில் என் வெறுப்பு தீர்ந்துவிட்டது என்று போட்டிருந்தால், முதலில் அதைத் திருத்துங்கள். வெறுப்பு இன்னும் இருக்கிறது. ஆள்தான் வேறு.