சும்மா கிடக்கும் இரண்டு கேமராக்கள் குறித்து

புக்கிட் பெருவாங்,
ஞாயிறு காலை.

மிகுந்த மரியாதைக்குரிய அண்ணன் வீரப்பன் அவர்களுக்கு,

தம்பி அங்கமுத்து இரு கை கூப்பி எழுதுவது. இங்கே எனக்கும் மலர்விழிக்கும் உடம்புக்குக் குறைவில்லை. மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அங்கே மஸ்ஜித் தானாவில் நீங்களும் அண்ணியும் சௌக்கியம் என்பதை, போன வாரம் கடற்கரையிலிருந்து நீங்கள் போட்ட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். படத்தில் அடிவானம் சரிந்து, கடல் முழுக்க அண்ணி தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

வியாழக்கிழமை நீங்கள் அனுப்பிய குரல்பதிவுக்கு நானும் குரல்பதிவிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வருகிற குரல்பதிவை எல்லாம் டயர் கடையில் சத்தமாக வைத்து, காற்றடிக்க வந்தவர்கள் வரைக்கும் கேட்கவைப்பது உங்கள் வழக்கம். தீபாவளிக்கு முன்னால் என் மூல வியாதியை உங்களிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். மறுவாரம் உங்கள் கடைக்கு எதிரே கோழி விற்கும் மலாய்க்காரப் பெரியவர் என்னைப் பசாரில் நிறுத்திக் கைவைத்தியம் சொன்னார். ஆகையால் தாளில் எழுதுகிறேன். தாள் சத்தம் போடாது.

நீங்கள் சொன்னது இது, வார்த்தை மாறாமல்: "டேய் அங்கமுத்து, தாரணி ஒரு கேமரா வேணும்ங்கிறா. உங்கிட்டதான் ரெண்டு பழசு சும்மா கெடக்கே. எது நல்லதுன்னு பாத்துக் குடுத்துவிடு லா. மத்தத நீயே வெச்சுக்க."

மற்றதை நானே வைத்துக்கொள்ள அனுமதி தந்ததற்கு நன்றி.

அண்ணே, தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் சாமான்களின் தரம் பார்த்தே தலை நரைத்தவனிடம் 'எது நல்லது' என்று மொட்டையாகக் கேட்கக்கூடாது. எதற்கு நல்லது என்று கேட்க வேண்டும். இரண்டிலும் லென்ஸைக் கழற்றி வேறு மாட்டலாம். ஒற்றுமை அதோடு சரி. பெரிய கறுப்புக் கேமரா பதினைந்து வருடப் பழசு. லென்ஸோடு தூக்கினால் இரண்டு கிலோ. ஒரு நாள் கழுத்தில் போட்டிருந்தால் மறுநாள் தலை தானாகவே எல்லோருக்கும் வணக்கம் சொல்லும். வீடியோ எடுக்கத் தெரியாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் கண்ணாடி எழுந்து விழுந்து 'டடக்' என்று ஒரு சத்தம், பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும். ஆனால் அரையிருட்டிலும் அதற்குக் கண் தெரியும், ஓடுகிறவனைப் பிடித்தால் விடாது, ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒரு கல்யாணம் முழுக்கத் தாங்கும். (எடையையும் சத்தத்தையும் எழுதும்போது உங்கள் ஞாபகம் வந்தது. மற்ற குணங்களை எழுதும்போது வரவில்லை.) சின்ன வெள்ளிநிறக் கேமரா பன்னிரண்டு வருடப் பழசு. உள்ளே கண்ணாடி இல்லை, அதனால் கனம் இல்லை. சத்தத்தையும் அடியோடு நிறுத்திவிடலாம், எடுத்தோமா இல்லையா என்று எடுத்தவனுக்கே தெரியாது. நீள லென்ஸ் மாட்டினாலும் ஒரு கையில் அடங்கும். ஏரிக்கரையில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும்வரை அதற்கு இணை கிடையாது. மீன்கொத்தி பறந்துவிட்டால் மட்டும் லென்ஸ் 'எங்கே, எங்கே' என்று முன்னும் பின்னும் போய்த் தேடும். அதற்குள் பறவை மீனைத் தின்று வாயையும் துடைத்திருக்கும். வெளிச்சம் குறைந்தால் எல்லார் முகத்திலும் அம்மை வார்த்ததுபோல் புள்ளி விழும். பேட்டரியோ பாதி முகூர்த்தத்தில் படுத்துவிடும்.

இந்த இரண்டும் 'சும்மா கெடக்கு' என்றீர்களே, போன செப்டம்பரில் பாச்சாங் மண்டபத்தில் நடந்ததை உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். உங்கள் மகள் தாரணிக்குக் கல்யாணத் தேதி குறித்த அன்று, "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வெளி ஆள் எதுக்குடா? நீயே எடு லா" என்று சொன்னது யார்? நான் அதை நம்பி மூன்று வாரம் பயிற்சி எடுத்தேன். மலர்விழிக்கு மாலை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று வெளிச்சம் பார்த்தேன். தபால்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அறுபது வயதில் மறுபடியும் கல்யாணமா என்று வாழ்த்திவிட்டுப் போனார். அவ்வளவு அவமானமும் பட்டு, காலை ஐந்தரைக்கே இரண்டு பையோடு மண்டபத்துக்கு வந்தால், கறுப்புச் சட்டை போட்ட ஐந்து பேர் ஜொகூரிலிருந்து வந்து மணவறையைச் சுற்றி விளக்கு நட்டுக்கொண்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே ட்ரோன் வேறு. அது கிளப்பிய காற்றில் ஐயரின் துண்டு பறந்து நாதஸ்வரத்தின் வாயை மூடியது.

"என்னண்ணே இது?" என்று கேட்டேன்.

"அவங்களும் எடுக்கட்டும், நீயும் எடு. ஆளுக்கொரு பக்கம்" என்றீர்கள்.

எனக்கு விழுந்தது சமையல்கட்டுப் பக்கம். தாலி கட்டும் நேரத்தில் சின்னக் கேமராவோடு மெல்ல முன்னால் போனேன். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் கிஷன், என் பேரன் வயசு, "அங்கிள், கொஞ்சம் தெப்பி போங்க லா, பிரேம்ல விழுறீங்க" என்று தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினான். சொந்த அண்ணன் மகள் கல்யாணத்தில் நான் எடுத்த தாலிப் படத்தில் ஐந்து கறுப்பு முதுகுகள் இருக்கின்றன. நடுவில் மாப்பிள்ளையின் கட்டைவிரல் மிகத் தெளிவாக வந்திருக்கிறது.

அதோடு சின்னதைப் பைக்குள் போட்டுவிட்டு, பெரியதைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டேன். அங்கே கடைசி மூலையில், விளக்கு எரியாத இடமாகப் பார்த்து, உங்கள் சம்பந்தி ராமையா தனியாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா, மண்டபம் முழுக்க அவரைத் தேடுகிறது. அவர் கையில் ஜிலேபி. சர்க்கரை வியாதிக்கார மனுஷன், கடித்துவிட்டுக் கண்ணை மூடிச் சிரிக்கிறார். 'டடக்'. திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஐயோ சம்பந்தி! வேலாயிகிட்ட காட்டிராதீங்க லா. கொன்னுருவா."

"எனக்கு என்ன தெரியும்? நான் சமையல்கட்டுப் பக்கத்து ஆளு" என்றேன். சிரித்துக்கொண்டே எனக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு என்னை உட்காரச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். கைகழுவப் போகும்போது, "உங்க கேமரா சத்தம் நல்லா இருக்கு, எடுத்தோம்னு தெரியுது" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. இட்லித்தட்டு கனம். பதினான்காம் பக்கம், குடும்பப் படம். எல்லாரும் இருக்கிறார்கள். அண்ணியின் தம்பி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கூட இருக்கிறார். நான் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி இருக்கிறது. பக்கத்தில் மலர்விழி, என் முழங்கையைப் பிடித்திருந்தவள், இப்போது காற்றைப் பிடித்துக்கொண்டு புன்சிரிப்போடு நிற்கிறாள். இவள் அதைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். அப்புறம், "தொட்டி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஆல்பத்தை மூடினாள்.

நான் கிஷனுக்குப் போன் போட்டேன். "அங்கிள், பெரிய அங்கிள்தான் தம்பிய எடுத்துருன்னு சொன்னாரு. ரெண்டு கேமரா பேக் வேற தொங்கிச்சா, எடுத்துட்டோம்" என்றான். உங்களைக் கேட்டால், "டேய், ஆளப் படம் எடுத்துருன்னுதான்டா சொன்னேன், படத்துலேருந்து ஆள எடுத்துருன்னா சொன்னேன்? அவனுக்குத் தமிழ் வெளங்கல" என்கிறீர்கள். அண்ணே, அவன் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், விசாரித்துவிட்டேன். தமிழ் அவனுக்கு நன்றாக விளங்கியிருக்கிறது என்பதுதான் என் சந்தேகம்.

அதையும் விழுங்கினேன். ஜனவரியில் ராமையா திடீரென்று போய்விட்டார். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமென்று ஜொகூர் ஆல்பத்திலிருந்து பெரிதாக்கி எடுத்துவந்தீர்கள். வேலாயியம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார். கேட்காமல் என்ன செய்வார்? முகத்தை மெழுகி, சுருக்கத்தை எடுத்து, கன்னத்து மருவை எடுத்து, அறுபத்தெட்டு வயது மனுஷனை மாப்பிள்ளைக்குத் தம்பியாக்கி வைத்திருந்தார்கள். "என் வீட்டுக்காரருக்கு இங்க ஒரு மரு இருக்கும்யா" என்று தன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார் அந்த அம்மா. அப்போதுதான் உங்களுக்குத் தம்பி ஞாபகம் வந்தது. "டேய், உங்கிட்ட ஏதாச்சும் கெடக்கா?" என்று போன். அன்றைக்கும் 'கெடக்கா'தான்.

கிடந்தது. ஜிலேபி தெரியாமல் கழுத்துவரை வெட்டி, பெரிதாக்கி, சட்டம் போட்டு, நானே சுமந்துகொண்டு வந்தேன். மரு இருந்தது, சுருக்கம் இருந்தது, ஆள் இருந்தார். வேலாயியம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எதுக்கு இவரு இப்படி சிரிக்கறாரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் சடங்கில் நானும் மலர்விழியும் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் எல்லாம் படத்துக்கு முன்னால் நின்று, உயிரோடு இருக்கிறதே என்றார்கள். யாரோ உங்களைக் கேட்டார், யார் எடுத்தது என்று. நான் உங்களுக்கு இரண்டடி பின்னால், கையில் இலைக்கட்டோடு நிற்கிறேன்.

"ஜொகூர்லேருந்து வந்த பசங்க. தொழில் தெரிஞ்சவன் எடுத்தா அப்படித்தான் வரும்" என்றீர்கள்.

மலர்விழி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். சாவு வீடு, நான் பேசவில்லை. அன்றைக்குப் பேசாததைத்தான் இப்போது எழுதுகிறேன். நம் அப்பா ரப்பர் தோட்டத்தில் செத்தபோது, மாட்டிவைக்க ஐசியில், அந்த அடையாள அட்டையில், இருந்த நகமளவு படத்தைத் தவிர வேறு கிடையாது. அதைப் பெரிதாக்கினால் கண் எது, காது எது என்று தெரியவில்லை. நாம் இருவரும்தானே அதைச் சுவரில் அடித்தோம்? அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நான் கேமரா வாங்கினேன். உங்களுக்கு அது சும்மா கிடக்கிற சாமான்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். முகத்துக்குப் பெரியது நல்லது. சத்தமில்லாமல் எடுக்கச் சின்னது நல்லது. உங்களுக்கு இரண்டும் கிடையாது. தாரணி கேட்டாள் என்பதையும் நான் நம்பவில்லை. கடையில் புது டயரைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போடத்தான் உங்களுக்குக் கேமரா தேவைப்படுகிறது. டயருக்கு உங்கள் போனே போதும். டயர் எப்படியும் வட்டமாகத்தான் வரும். இந்த விஷயமாக இனிமேல் போன், குரல்பதிவு, ஆள் எதுவும் அனுப்ப வேண்டாம். இது என் கடைசிச் சொல்.

அண்ணிக்கு முழங்கால் வலி குறைய வேண்டும், உங்களுக்கு ரத்த அழுத்தம் இறங்க வேண்டும், வியாபாரம் உருண்டோட வேண்டும் என்று குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். மலர்விழி கும்பிட்டதாக எழுதச் சொன்னாள். என் கும்பிடை யாரும் சொல்லாமலேயே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பூந்தொட்டி இருக்கும் இடத்தில் நின்ற தம்பி,
அங்கமுத்து

பின்குறிப்பு: ஞாயிறு மாலை. உறையில் தபால்தலை ஒட்டி வைத்த பிறகு தாரணி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். உட்காரவில்லை. "சித்தப்பா, ரெண்டுல சத்தம் வராதது எது?" என்றாள். சின்னது, எதற்கு என்றேன். "தூங்கற பிள்ளைய எடுக்கணும்." யாருடைய பிள்ளையம்மா என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். அடுக்களையிலிருந்து மலர்விழி ஈரக்கையோடு ஓடிவந்தாள். அவளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் நான்தான் சொன்னேன், பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டால் சின்னது சரிப்படாது, அது தேடிக்கொண்டிருப்பதற்குள் பிள்ளை ஓடிவிடும், பெரியதுதான் வேண்டும் என்று. ஆகையால் இரண்டையும் கொடுத்துவிட்டேன். கர்ப்பிணிப் பெண் கனம் தூக்கக்கூடாது என்று நானே காரில் கொண்டுபோய் வைத்தேன். சார்ஜர் பக்கப்பையில் இருக்கிறது. உங்களிடமும் அண்ணியிடமும் வெள்ளிக்கிழமை நேரில் வந்து சொல்லப் போகிறாளாம். இந்தக் கடிதம் புதன்கிழமையே வந்துவிடும். தபால்தலை ஒட்டிய உறையை வீணாக்க மனசில்லை, வேறு உறையும் வீட்டில் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை அவள் சொல்லும்போது, இப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தைப் பெரிய கேமராவில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அது பொய்யைக் காட்டிவிடும்.