ரோக்மோரெல் சந்தையில் கடைசி முலாம்பழம்

வாழ்க கயேத்தான் லெஸ்கியூர்! மழையோயா வடபுலத்து லீல் மாநகரின் தபால் நிலையத்தில் முத்திரைக்கட்டை ஏந்தி நெடுங்காலம் கோலோச்சிய கொற்றவன், வைக்கோல் தொப்பியே மணிமுடியாகவும், வலைப்பையே கேடயமாகவும், முழங்கால் வரை இறங்கிய காக்கி நிக்கரே போர்க்கவசமாகவும் பூண்டு, தென்னாட்டுக் கோடை விடுமுறைக் களம் புகுந்த கோமான், அவன் வாழ்க! அவன் வீரம் பாடத் துணிந்த எம் நாவுக்கு, திராட்சைத் தோட்டங்களைக் காத்துநிற்கும் தெய்வங்களே, சற்றே ஈரம் தாரீர். வெயில் கொஞ்சம் அதிகம்.

போர் மூண்ட காரணம் கேளீர். சென்ற கோடையில் கயேத்தான் தானே தேர்ந்து, தானே சுமந்து, தானே அறுத்து, விருந்தினர் முன் பெருமிதம் பொங்கப் பரப்பிய முலாம்பழத்தில் ஒரு துண்டை, அவன் மனைவி ஒதீலின் தமையனும், பிறர் தட்டில் குறை காண்பதில் பருந்துவிழியனுமாகிய ரெஜிஸ் வாயிலிட்டு, மென்று, முகம் கோணி, மேசை அதிர முழங்கினான்: "மாப்ளே, இது முலாம்பழமா, இல்ல பச்சைப் பரங்கிக்காயா?" அச்சொல் வேலாய்ப் பாய்ந்தது. கிறிஸ்துமஸ் விருந்திலும் பரங்கிக்காய்; ஒதீலின் பிறந்தநாளிலும் பரங்கிக்காய்; தொலைபேசியை எடுத்தாலும் முதல் வார்த்தை பரங்கிக்காய். அந்த ரெஜிஸ் இன்றிரவு சாப்பிட வருகிறான். இழந்த மானத்தை மீட்க வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: குன்றின் உச்சியில், ரோக்மோரெல் ஊர்ச் சந்தையில், சிதோனி அம்மாள் விற்கும் பழம். அவள் பழத்தைக் குறை சொன்ன வாய் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

அடிவாரத்துக் காப்பிக்கடை நிழலில் அமர்ந்துகொண்ட ஒதீல் விடைகொடுத்தாள்: "ஏங்க, ஒரு பழத்துக்காக இப்படி மூச்சு வாங்கணுமா? கிடைக்கலைன்னா விட்டுட்டு வாங்க. குடியா முழுகிடப் போகுது?"

"முழுகிடும்!" என்றான் வீரன். திரும்பிப் பாராமல் ஏறினான்.

ஏறினான், கல்பாவிய செங்குத்துச் சந்துகளை. கடந்தான், படியில் படுத்திருந்த பூனைப்படையை. வென்றான், ஆலிவ்காய்களைக் குச்சியில் குத்தி நீட்டி வழிமறித்த வணிகனின் மாயவலையை. நுகர்ந்தும் நில்லாது விரைந்தான், கொழுப்பு சொட்டச் சொட்டச் சுழன்ற சுடுகோழிகளின் மயக்குமணத்தை. பாலாடைக்கட்டி விற்போன் துண்டு நறுக்கிக் கூவி அழைத்தும் கல்லாய் மனத்தை இறுக்கிக்கொண்டு, வியர்வை அருவியாய் வழிய, தொப்பி பின்மண்டைக்குச் சரிய, சந்தைத் திடலின் தென்மூலையை எய்தினான். அங்கே நீண்டதொரு வரிசை நின்றது.

வரிசையில் அவனுக்கு நேர்முன்னே நின்றவளோ, அவ்வூர் மருந்துக்கடையின் பேரரசி மதாம் ஹூகெத். இருசக்கரத் துணிப்பையைத் தேரெனச் செலுத்தி, எதிர்ப்பட்டோர் கணுக்காலையெல்லாம் பதம்பார்க்கும் பெருந்தேராளி. அவள் தேரின் சக்கரமொன்று நம் வீரனின் பெருவிரல்மேல் ஏறி இறங்கியது. அவன் பல்லைக் கடித்துப் பொறுத்தான்.

சிதோனியின் நாட்டில் சட்டம் இரண்டே. பழத்தை எவரும் தொடலாகாது. எப்போது உண்பீர் என்று அவள் கேட்டால் மெய் சொல்லவேண்டும். காம்பின் வெடிப்பைக் கண்டு, அடியை முகர்ந்து, உள்ளங்கையில் ஏந்தி எடைபார்த்து, இது இன்று மதியத்துக்கு, இது இரவுக்கு, இது நாளைக்கு என்று நாழிகை குறித்துக் கொடுப்பாள் அவள். கயேத்தானின் கண்ணெதிரே குவியல் கரைந்தது. மலையாய் இருந்தது மேடாகி, மேடு திட்டாகி, ஹூகெத்தின் முறை வந்தபோது மரப்பெட்டியில் ஒற்றைப் பழம் மட்டும் எஞ்சிக் கிடந்தது.

"எப்போ சாப்பிடப் போறே?" என்றாள் சிதோனி.

"ராத்திரிக்கு. பாட்டுக் குழு வருது."

"அப்போ தர மாட்டேன். இது மத்தியானப் பழம். ராத்திரி வரைக்கும் தாங்காது, குழகுழன்னு ஆயிடும்."

"அடியே, காசு கொடுக்கிறவ நான். எப்போ தின்னா உனக்கென்ன?"

"நாளைக்கு மருந்துக்கடையில உட்கார்ந்துகிட்டு 'சிதோனி அழுகலை வித்தா'ன்னு ஊரெல்லாம் சொல்லப்போறவளும் நீதானே? மாட்டேன்னா மாட்டேன்."

அந்தக் கணத்தில், அறத்துக்கும் மானத்துக்கும் இடையே கயேத்தானின் உள்ளம் ஊசலாடியது என்றால் அது பொய். ஊசலாடவேயில்லை. ஒரே பாய்ச்சலில் முன்வந்து, வலைப்பையைக் கொடியென உயர்த்தி, திடல் முழுதும் எதிரொலிக்கப் பிரகடனம் செய்தான்: "மத்தியானத்துக்கு! எனக்கு இன்னிக்கு மத்தியானத்துக்கேதான் வேணும்மா! சத்தியமா!"

ஹூகெத் மெல்லத் திரும்பினாள். மூக்குக்கண்ணாடியை இறக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ஆத்தங்கரை வாடகை வீட்டுக்காரர்தானே? நேத்து உங்க வீட்டம்மா தலைவலி மாத்திரை வாங்க வந்தப்போ சொன்னாங்களே, அண்ணன் ராத்திரி சாப்பாட்டுக்கு வர்றாரு, அதுக்கு முலாம்பழம் வாங்கணும்னு இவர் உசிரை வாங்குறாருன்னு."

வரிசை வாய்பிளந்தது. சுடுகோழிக்காரன்கூட எட்டிப் பார்த்தான். நம் வீரனின் முகம் செவ்வானமாயிற்று. அந்தத் திடல் இரண்டாகப் பிளந்து தன்னை விழுங்கக்கூடாதா என்று ஏங்கினான். சிதோனியோ சினக்கவில்லை. கண்ணோரம் ஒரு குறும்பு மட்டும் மின்னியது.

"அவரு மத்தியானம்னு சத்தியம் பண்ணிட்டாரு. சொன்னது சொன்னதுதான்" என்றாள்.

கோயில் மணிக்கூண்டு பன்னிரண்டு அடிக்கத் தொடங்கிற்று.

"இதோ, மத்தியானம் ஆயிடுச்சு. உட்காருங்க ஐயா."

இடுப்புக் கத்தி உருவப்பட்டது, பழம் பிளந்தது, அந்தி வானத்தின் நிறமெல்லாம் அந்த மரப்பெட்டியின்மேல் விரிந்தது, திடலே மணத்தது. கயேத்தான் கவிழ்த்த கூடையொன்றில் ஆயுதமிழந்தவனாய் அமர்ந்தான். "ஒத்தையா சாப்பிடுறது இந்த ஊர்ல வழக்கமில்லை" என்று சிதோனி ஒரு பாதியை ஹூகெத்திடம் நீட்டினாள். உப்பிட்ட பன்றியிறைச்சி விற்பவன் பக்கத்துக் கடையிலிருந்து மெல்லிய துண்டுகள் சிலவற்றைக் கேளாமலே கொண்டுவந்து போட்டான். முதல் கடியில் கயேத்தானின் கண்கள் தாமாக மூடின. இரண்டாம் கடியில் ரெஜிசின் முகமே அவனுக்கு மறந்துபோயிற்று. முகவாயில் சாறு வழிய, பகைவரிருவரும் ஒரே கூடையில் நெருக்கியடித்து உட்கார்ந்து தோல்வரை சுரண்டினர்.

"பொய்யன்தான், ஆனா பழம் தின்னத் தெரிஞ்ச பொய்யன்" என்று தீர்ப்பளித்தாள் ஹூகெத். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உண்டு முடித்து எழுந்தபோதுதான் பேரிடி இறங்கியது. கடைகள் மடிந்தன, குடைகள் சுருங்கின, மதிய உறக்கம் ஊரைக் கவ்வியது. இரவுக்கு என் செய்வான்? எதை ஏந்தி எதிர்கொள்வான் அந்தப் பருந்துவிழியனை? இன்னுமொரு குளிர்காலம், இன்னுமொரு கிறிஸ்துமஸ், இன்னும் ஓராயிரம் பரங்கிக்காய்ச் சொல்லம்புகளைத் தாங்குமோ அந்தத் தபால்நிலையத் தடமார்பு? வெற்றுப் பையும் சாறு படிந்த சட்டையுமாய், வென்ற களத்திலேயே தோற்ற வேந்தனாய், விதியை நொந்து, வெயிலை வைது, படிப்படியாய், பூனைபூனையாய், மலையிறங்கினான் மானமறவன் கயேத்தான்.

அன்றிரவு ரெஜிஸ், ஒதீல் திறந்து வைத்த டப்பா அன்னாசிப்பழத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.